பழைய பாலிசியை சரண்டர் பண்ணச் சொல்கிறாரா ஏஜென்ட்?

“அண்ணே, இதெல்லாம் பழைய பிளான். இதை சரண்டர் பண்ணிட்டு வர்ற பணத்தைப் புதுசுல போடுங்க. கவரேஜும் கூடும், ரிட்டர்னும் கூடும்.”

இப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் முன்பின் தெரியாத ஆள் இல்லை. ஒன்றுவிட்ட தம்பியாக இருப்பார், அல்லது கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவராக, பிள்ளையின் பள்ளித் தோழனுக்கு அப்பாவாக இருப்பார். முகம் முறிக்க மனம் வராது. காபி ஆறுவதற்குள் ஒரு படிவத்தில் நாலைந்து இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். வீட்டுப் பத்திரத்தை நாலு முறை புரட்டிப் பார்க்கிற அதே ஆள்தான், பதினைந்து வருடம் பணம் கட்டிய பாலிசிப் பத்திரத்தை ஒரு முறைகூடப் பிரித்துப் பார்க்காமல் எடுத்துக் கொடுக்கிறார்.

ஏஜென்ட் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவருடைய வருமானம் எப்படி வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நெடுங்காலம் சட்டம் வைத்திருந்த உச்சவரம்பு இது: முதல் ஆண்டு பிரீமியத்தில் 35 சதவீதம் வரை கமிஷன், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் 7.5 சதவீதம், அதன் பிறகு 5 சதவீதம். 2023-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) இந்தத் தனித்தனி வரம்புகளை எடுத்துவிட்டது, மொத்தச் செலவு வரம்புக்குள் நிறுவனமே தீர்மானித்துக்கொள்ளலாம். முதல் ஆண்டில் கொழுத்த தொகை, பிறகு சில்லறை என்ற அமைப்பு மட்டும் பெரிதாக மாறிவிடவில்லை. உங்கள் பத்து வயதுப் பாலிசி ஏஜென்டுக்குச் சில்லறை. அதை முடித்து வேறொன்று தொடங்கினால் அவருக்கு மறுபடி முதல் ஆண்டு. கமிஷன் எவ்வளவு என்று நீங்கள் கேட்டால் அவர் சொல்லியாக வேண்டும் என்று நடத்தை விதி இருக்கிறது. கேட்பவர்கள்தான் இல்லை.

2016-ஆம் ஆண்டின் ஏஜென்ட் நியமன விதிமுறைகளில் இன்னொன்றும் உண்டு. பாலிசிதாரரை வற்புறுத்திப் பழைய பாலிசியை முறிக்கவைத்து, முறித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் தம்மிடமே புதிய பாலிசி எடுக்கவைக்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் ‘வற்புறுத்தி’ என்ற சொல்லுக்குப் பின்னால் யாரும் ஒளிந்துகொள்ளலாம். “அண்ணன்தான் கேட்டார், நான் ஃபாரம் கொடுத்தேன்” என்றால் முடிந்தது.

சரி, மாற்றினால் என்னதான் போகும்? பணம் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பணத்தைவிடப் பெரிதாகப் போவது பாலிசியின் வயது.

காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 2015-இல் திருத்தப்பட்ட வடிவில், மூன்று ஆண்டுகள் முடிந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் நிறுவனம் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. சர்க்கரை நோயை மறைத்தார், பழைய அறுவை சிகிச்சையைச் சொல்லவில்லை என்றெல்லாம் அதற்குப் பிறகு கிளப்ப முடியாது. இந்த மூன்று வருடத்தைத் தாண்டுவதுதான் ஒரு பாலிசி பழுப்பது. புதிய பாலிசி எடுத்த அன்று அந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. தற்கொலை தொடர்பான 12 மாத நிபந்தனையும் அப்படியே மறுபடி தொடங்கும். முப்பது வயதில் மருத்துவப் பரிசோதனையே இல்லாமல் கிடைத்த பாலிசிக்கு, நாற்பத்தைந்தில் ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி. எல்லாம் கேட்பார்கள். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கூடுதல் பிரீமியம் போடலாம்; விண்ணப்பத்தையே மறுக்கவும் செய்யலாம்.

புதிய விண்ணப்பத்தில், ஏற்கெனவே என்னென்ன பாலிசி இருக்கிறது என்று ஒரு கேள்வி வரும். ஏஜென்ட் அந்த இடத்தில் ‘இல்லை’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். குஜராத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில், பாலிசி எடுத்துச் சில மாதங்களிலேயே இறந்த ஒருவர் வேறு நிறுவனத்தில் வைத்திருந்த பாலிசியைச் சொல்லவில்லை என்ற காரணத்தால், இழப்பீட்டை மறுத்தது சரி என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிவத்தை ஏஜென்ட் நிரப்பியிருந்தாலும் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து.

இனிப் பணத்துக்கு வருவோம். கற்பனையாக ஒரு கணக்கு: 5 லட்சம் ரூபாய்க்கு 20 ஆண்டு எண்டோமென்ட் (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த) பாலிசி, ஆண்டுக்கு 25,000 ரூபாய் பிரீமியம், ஆறு வருடம் கட்டியாகிவிட்டது. கட்டியது 1,50,000. நான்காம் ஆண்டிலிருந்து ஏழாம் ஆண்டு வரை சரண்டர் செய்தால் உத்தரவாதமாகக் கிடைக்கும் குறைந்தபட்சத் தொகை, கட்டிய பிரீமியத்தில் பாதி என்பது பழைய விதி. அதாவது 75,000. நிறுவனம் இதைவிடக் கூடுதலாகவும் தரலாம். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே பாலிசியை சரண்டர் செய்யாமல் பிரீமியம் மட்டும் நிறுத்தினால் அது ‘பெய்ட்-அப்’ ஆகும். இருபதில் ஆறு பங்கு, அதாவது 1,50,000 ரூபாய் காப்பீட்டுத் தொகையாக நிற்கும். அதுவரை சேர்ந்த போனஸும் உண்டு. முதிர்வில் வரும், இடையில் இறந்தால் குடும்பத்துக்கு வரும். ஏஜென்ட் வாயிலிருந்து ‘பெய்ட்-அப்’ என்ற சொல் வருவது அபூர்வம், ஏனென்றால் அதில் புதிய பாலிசிக்குப் போட உங்கள் கையில் பணம் வராது. பணம்தான் அவசரம் என்றால், சரண்டர் மதிப்பின் மேல் கடன் வாங்கும் வழியும் பெரும்பாலான எண்டோமென்ட் பாலிசிகளில் இருக்கிறது.

வரியும் உண்டு. இரண்டு ஆண்டுப் பிரீமியம் கட்டுவதற்குள் முறித்தால், அதற்காக வாங்கிய வருமான வரிச் சலுகை திரும்பப் போகும். 2023 ஏப்ரல் 1 முதல் எடுத்த பாலிசிகளுக்கு (சந்தையோடு இணைந்த யூலிப் தவிர) ஆண்டுப் பிரீமியம் எல்லாம் சேர்ந்து 5 லட்சத்தைத் தாண்டினால் முதிர்வுத் தொகைக்கு வரிவிலக்கு கிடையாது. பெரிய பிரீமியம் கட்டுகிற வியாபாரிகள், பழைய பாலிசியை விட்டுவிட்டு இந்த வலைக்குள் தாங்களாகவே போய் விழுகிறார்கள்.

அப்படியானால் எப்போதுமே மாற்றக் கூடாதா? அப்படியும் இல்லை.

நாற்பது வயதுக்காரர், இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன் 30 லட்சம், கையில் இருப்பது 3 லட்சத்துக்கு ஒரு பாலிசி. இவருக்குக் காப்பீடு போதாது என்று ஏஜென்ட் சொன்னால் உண்மைதான். ஆனால் போதாததற்கு மருந்து கூட்டுவது. பழையது இருக்கட்டும், மேலே ஒரு டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாத, வெறும் ஆயுள் காப்பீடு) எடுக்கலாம். மாற்றம் நிஜமாகவே பொருந்துவது டேர்முக்கு டேர்ம் மாற்றும்போதுதான். சிகரெட்டை விட்டுச் சில வருடம் ஆனவருக்குப் புதிய டேர்ம் மலிவாகக் கிடைக்கலாம்; அங்கே சரண்டர் மதிப்பே இல்லாததால் பண நஷ்டமும் இல்லை. 2010 செப்டம்பருக்கு முந்தைய யூலிப்களிலும் யோசிக்க இடமுண்டு, கட்டணங்களுக்கு ஒழுங்கான உச்சவரம்பு வந்ததே அந்த மாதத்தில்தான். பிரீமியம் கழுத்தை நெரிக்கிறது, அடுத்த வருடம் கட்டவே முடியாது என்றாலும் வெளியே வரலாம். 2024 அக்டோபர் முதல் வந்த புதிய விதிப்படி ஓர் ஆண்டுப் பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தாலே ஏதாவது சரண்டர் தொகை கிடைக்க வேண்டும். முன்பு முதல் வருடப் பணம் முழுவதும் காற்றில் போகும்.

எந்த மாற்றமாக இருந்தாலும் வரிசை முக்கியம். புதிய பாலிசிக்கு விண்ணப்பம், மருத்துவப் பரிசோதனை, நிறுவனத்தின் ஏற்பு, பத்திரம் கைக்கு வருவது, அதை உட்கார்ந்து படிப்பது, இவ்வளவும் முடிந்த பிறகுதான் பழையதைத் தொட வேண்டும். ஒரு நாள்கூடக் குடும்பம் காப்பீடு இல்லாமல் நிற்கக் கூடாது. “முதல்ல சரண்டர் போட்டுடலாம், அது வர நாளாகும்” என்று அவசரப்படுத்துகிறவரிடம் காரணம் கேளுங்கள்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில், பழைய பாலிசியை மாற்றும்போது ஏஜென்ட் எழுத்தில் ஓர் அறிவிப்புக் கொடுத்து இருவரும் கையெழுத்திட வேண்டும். பழைய நிறுவனத்துக்கும் தகவல் போகும். நம் வீட்டில் அதையே ஒரு முழுநீளத் தாளில் செய்யலாம். சரண்டர் செய்தால் வருவது, பெய்ட்-அப் செய்தால் நிற்பது, கடைசிவரை கட்டினால் வருவது, புதியதில் உத்தரவாதமாக வருவது, ஆக இந்த நான்கு தொகையையும் எழுதி அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். “என் மேல நம்பிக்கை இல்லையாண்ணே?” என்று கேட்டால், நம்பிக்கை இருக்கிறது, ஞாபகசக்திதான் இல்லை என்று சொல்லலாம்.

தொலைபேசியில் வருகிறவர்கள் தனி ரகம். “உங்க பாலிசில போனஸ் தேங்கிக் கிடக்கு சார், ஒரு புது பாலிசி எடுத்தாத்தான் ரிலீஸ் ஆகும்” என்பார்கள், ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிலிருந்து பேசுவதாகவும் சொல்வார்கள். அந்த ஆணையம் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் அறிவிப்பதும் இல்லை. தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்களுக்கு: புதிய பாலிசிப் பத்திரம் கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம். 2024 ஏப்ரலுக்கு முன் இது பெரும்பாலும் 15 நாளாக இருந்தது. கடிதத்தை ஏஜென்டிடம் கொடுக்காமல் நேராக நிறுவனத்துக்கு அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். அந்த நாட்களுக்கான காப்பீட்டுச் செலவு, மருத்துவப் பரிசோதனை, முத்திரைக் கட்டணம் போக மீதி வரும். பழைய பாலிசி சரண்டர் ஆகாமல், பிரீமியம் கட்டாததால் லாப்ஸ் மட்டும் ஆகியிருந்தால், எண்டோமென்ட் வகைக்கு முதல் தவணை தவறிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் புதுப்பிக்கலாம். புதுப்பித்தால் 45-ஆம் பிரிவின் மூன்றாண்டுக் கணக்கும் மறுபடி தொடங்கும் என்பதையும் கவனியுங்கள்.

தவறாகச் சொல்லி விற்றார்கள் என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணையதளத்திலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்கலாம். அந்த உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தி இல்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே வழக்கு நடந்தால் குறைதீர்ப்பாளர் மனுவை எடுக்கமாட்டார், ஆகவே முதலில் எங்கே போவது என்று யோசித்துப் போங்கள். நிறுவனம் கைவிரித்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் குறைதீர்ப்பாளரிடம் போயாக வேண்டும்.

அங்கே கேட்கிற முதல் கேள்வி, ஏஜென்ட் அப்படிச் சொன்னதற்கு என்ன ஆதாரம் என்பது. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய கணக்கு, குரல் பதிவு, அந்த முழுநீளத் தாள், சரண்டர் படிவத்தின் நகல் எல்லாவற்றையும் பாலிசிப் பத்திரத்தோடு ஒரே கோப்பில் போட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள்.