இருள் சக்தி உண்டா?

திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி இரவில் கீழே நோக்குவோர்க்கு, ஒரே ஒளியுள்ள தெருவிளக்குகளில் தூரத்துள்ளவை மங்கித் தோன்றும். மங்கலைக் கொண்டே தூரத்தை மதிக்கலாம். வானசாஸ்திரிகளுக்கு அத்தகைய விளக்காவன, ஏறக்குறைய ஒரே ஒளியுடன் வெடிக்கும் வெண்குறு நக்ஷத்திரங்கள். அவற்றின் எடைக்கு ஒரு வரம்பு உண்டென்று 1930-ல் கப்பற்பிரயாணத்தில் கணக்கிட்டவர், சென்னை இராஜதானிக் கல்லூரியில் படித்த நம் சந்திரசேகரே.

1998-ல் இரு கோஷ்டியார் ஆராய்ந்தபோது அவ்வெடிப்புகள் எதிர்பார்த்ததினும் மங்கலாக, அதாவது அதிக தூரத்தில், காணப்பட்டன. பிரபஞ்சம் வரவர வேகமாய் விரிகிறதென்பது புலனாயிற்று. அவ்வேகத்தின் காரணத்துக்கு இட்ட பெயரே இருள் சக்தி. பெயரிட்டதாலேயே பொருள் அகப்பட்டதென்று நாம் ஒப்போம். அரிஸோனாவில் 'டெஸி' என்னும் கருவிகொண்டு சுமார் 1.5 கோடி நக்ஷத்திரமண்டலங்களின் பரவலை அளந்தோர், வெடிப்புக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து, அச்சக்தி குன்றிவருகிறது போலுமென்று 2025-ல் அறிவித்தனர். ஆயினும் கண்டுபிடிப்பென ஏற்க விஞ்ஞானிகள் கேட்கும் ஐந்து 'சிக்மா' உறுதியை அம்முடிவு எட்டவில்லை.