நரிக்கு எந்தத் தோட்டா?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அனுப்பினவர் கடலூர்க்காரர், இப்ப டெக்சாஸ்ல வேலை. "ப்ரோ, ஆபீஸ்ல பாதிப் பேர் வீக்கெண்ட் ஆனா கயோட்டி வேட்டைக்குப் போறாங்க. எந்தக் காலிபர் பெஸ்ட்னு லஞ்ச் முழுக்கச் சண்டை. எனக்கு ஒண்ணும் புரியல. நம்ம ஊர்ல நரிக்குறவர்கள் எதை வெச்சு நரி பிடிச்சாங்க?"

நல்ல கேள்வி. முதல்ல அந்தச் சண்டை என்னன்னு பார்ப்போம்.

கயோட்டின்னா அமெரிக்காவோட நரி மாதிரி. நம்ம ஊர் நரியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டியைத் தூக்கிடும்னு பண்ணைக்காரர்களுக்குக் கோபம். பல மாநிலங்கள்ல வருஷம் முழுக்கச் சுடலாம்.

காலிபர்ங்கிறது துப்பாக்கிக் குழாயோட உள் அகலம். பப்ஜி ஆடினவங்களுக்கு 5.56 தெரிஞ்சிருக்கும். கயோட்டிக்காரர்களோட செல்லமான .223, கிட்டத்தட்ட அதே அளவுதான். அதுல போடுற குண்டு பொதுவா 55 கிரெயின், அதாவது மூன்றரை கிராம். ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தோட எடை. ஆனா நொடிக்கு 950 மீட்டருக்கு மேல போகும், ஒலியைவிடக் கிட்டத்தட்ட மூணு மடங்கு வேகம். "காத்தடிச்சா குண்டு விலகுது, .243 எடு, குண்டு கனமா இருக்கும்"னு ஒருத்தர் சொல்வார். "அது தோலைக் கிழிச்சிடும்"னு இன்னொருத்தர் சொல்வார்.

இங்கதான் விஷயம் இருக்கு. தோலை விற்கிறவருக்கு உடம்புக்குள்ளேயே நொறுங்கிப்போற மெல்லிய குண்டு வேணும். உள்ள போன ஓட்டை சின்னதா இருக்கும், மறுபக்கம் ஓட்டையே இருக்காது. செம்பு உறை முழுசா மூடின ராணுவக் குண்டு அப்படி நொறுங்கும்னு நம்ப முடியாது, துளைச்சிட்டுப் போயிடலாம். நொறுங்குற குண்டுக்கு இன்னொரு லாபமும் உண்டு. தவறிப்போய்த் தரையில பட்டாலும் பெரும்பாலும் அங்கேயே சிதறிடும், எகிறிப் போற ஆபத்து குறைவு. ஆக, காலிபர் சண்டைன்னு பேர்தானே தவிர, உண்மையான கேள்வி ரெண்டுதான். அந்த மிருகத்துகிட்ட இருந்து உங்களுக்கு என்ன வேணும்? நீங்க எவ்வளவு தூரத்துல நிக்கிறீங்க?

இப்ப நம்ம பக்கம் வருவோம். இந்தியாவுல சாதாரண ஆள் 5.56 வாங்கவே முடியாது. 1959 ஆயுதச் சட்டத்துல 'தடை செய்யப்பட்ட போர்'னு ஒரு வகை இருக்கு, ராணுவ ரகங்கள் அதுல வரும். பிரிட்டிஷ்காரர்கள் காலத்துலயே தங்களோட .303 தோட்டா மக்கள் கைக்குப் போகக் கூடாதுன்னு பயந்தாங்க. அந்தப் பயத்தோட வாரிசுதான் லைசென்ஸ்ல கிடைக்கிற .315. இஷாப்பூர் தொழிற்சாலையில செய்றது. குண்டு கிட்டத்தட்ட 16 கிராம். எட்டுப் பத்துக் கிலோ நரிக்கு அது எலியை அடிக்க உலக்கை எடுத்த கதைதான்.

அதுவும் நம்ம ஊர் நிலத்தை யோசிச்சுப் பாருங்க. சிதம்பரத்துல இருந்து கிள்ளை வழியா பிச்சாவரம் வரைக்கும் தட்டை வயல், ஒரு மேடு கிடையாது. ரைஃபிள் குண்டு ரெண்டு மூணு கிலோமீட்டர் போகும். அதுக்குள்ள எத்தனை ஊர், எத்தனை பேர் நடவுல குனிஞ்சிருப்பாங்க! அதனால இங்க புழங்கினது நாட்டுத் துப்பாக்கி. வாய் வழியா கரிமருந்து, அப்புறம் சின்னச் சின்ன பால்ரஸ் குண்டு. கொஞ்ச தூரத்துலயே அதோட வேகம் செத்துடும்.

அப்ப நரியை அதுலதான் சுட்டாங்களான்னு கேட்கத்தான் போன மாசம் சிதம்பரம் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் பாசிமணி விற்கிற ஒரு பெரியவரோட டீ குடிச்சுக்கிட்டே பேசினேன். என் கேள்வியைக் கேட்டுச் சிரிச்சுட்டார்.

"நரிக்கு எதுக்கு சாமி துப்பாக்கி? அது குருவிக்கு, கொக்குக்கு. நரிக்கு வாய் போதும்."

ராத்திரியில வலை விரிச்சு ஒளிஞ்சுக்கிட்டு நரி மாதிரியே ஊளையிடுவாங்களாம். இன்னொரு நரி கூப்பிடுதுன்னு நினைச்சு அது தானா கிட்ட வரும். இது தாத்தா காலத்துப் பெருமைப் பேச்சுன்னு நினைக்காதீங்க. 1909-ல வந்த தர்ஸ்டனோட 'தென்னிந்திய சாதிகளும் பழங்குடிகளும்' தொகுப்புலயும் குருவிக்காரர்கள் நரி மாதிரிக் கத்தி வலையில பிடிக்கிறது பதிவாகியிருக்கு. (அந்த நூலோட தொனி எனக்குப் பிடிக்காது, மனுஷங்களை மியூசியப் பொருள் மாதிரி எழுதும். தகவலை மட்டும் எடுத்துக்கிறேன்.)

டெக்சாஸ் நண்பரே, உங்க ஆபீஸ்காரர்களும் இதேதான் பண்றாங்க. ஊதல், ஸ்பீக்கர் வெச்ச எலக்ட்ரானிக் காலர் எல்லாம் அதுக்குத்தான். கூப்பிட்டு வரவழைக்கத் தெரிஞ்சவருக்குக் காலிபர் பாதிக் கவலைதான். நம்ம ஆளுங்க மீதிப் பாதியையும் வலையால முடிச்சுட்டாங்க.

இதெல்லாம் இப்ப நடக்குமான்னா, நடக்கக் கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நரியையும் காக்குது. 2022 திருத்தத்துக்கு அப்புறம் அது முதல் அட்டவணையில, புலி இருக்கிற அதே பட்டியல்ல இருக்கு. கொன்னா மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் சிறை. நரிக்கொம்புன்னு யாராவது விற்றா வாங்கிடாதீங்க, நரிக்குக் கொம்பே கிடையாது. வயல்ல எலியைத் தின்னுட்டுப் போற அந்த ஜீவனைக் காக்கிறதை நான் முழுசா ஆதரிக்கிறேன்.

ஆனா சட்டம் வந்தப்ப, வேட்டையை விட்டா அவங்க எதை வெச்சுப் பிழைப்பாங்கன்னு யாரும் சரியா யோசிக்கல. நரிக்குறவர், குருவிக்காரர் பெயர்கள் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியல்ல சேர்ந்ததே 2023 ஜனவரியிலதான். நடுவுல அரை நூற்றாண்டு ஓடிப்போச்சு.

கடைசியா, அந்த ஊளையை ஒரு தடவை செஞ்சு காட்டுங்கன்னு கேட்டேன். பெரியவர் என் மைக்கைப் பார்த்தார்.

"அதை ஆஃப் பண்ணுங்க சாமி. அப்புறம் கேஸு கீஸுன்னு வந்துடும்."

ஆஃப் பண்ணேன். செஞ்சு காட்டினார். டீக்கடை நாய் எழுந்து நின்னுச்சு. பக்கத்துல இருந்த அவரோட பேரன், பத்து வயசு இருக்கும், வாயைப் பிளந்து பார்த்தான். அவனும் அன்னிக்குத்தான் முதல்முறையா கேட்டானாம். எபிசோட்ல அந்த இடத்துல வெறும் பஸ் ஹாரன்தான் இருக்கும், நான் மைக்கை மறுபடி ஆன் பண்ணினதுக்கு அப்புறம் பதிவானது.