சென்சரை மாற்றியும் எஞ்சின் விளக்கு எரிகிறதா?

வாகனப் பராமரிப்பு பற்றித் தொலைக்காட்சியில் எப்போது கலந்துரையாடல் நடந்தாலும், நேயர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "காரில் எஞ்சின் விளக்கு எரிந்தது. பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்து ஆக்சிஜன் சென்சரை மாற்றினார்கள். இரண்டே வாரத்தில் விளக்கு மறுபடியும் எரிகிறது. ஏன்?"

புதுச் சென்சருக்குப் பணம் கொடுத்தவர், பட்டறைக்காரர் ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார். ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் அவசரம்தான் காரணம்.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் குறியீடுகளில் ஒன்று பி0171. கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துவிட்டது என்பதே இதன் பொருள். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எரிந்த புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது, புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சரின் வேலை. மிச்சமிருந்தால் காரின் கணினி கூடுதலாகப் பெட்ரோலைப் பாய்ச்சும். எவ்வளவு கூட்டியது என்பதை விழுக்காட்டில் குறித்தும் வைக்கும். இதற்கு ஃபியூல் டிரிம் என்று பெயர். 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 20, 25ஐத் தொடும்போதுதான் விளக்கு எரிகிறது.

ஆக, சென்சர் இங்கே செய்தி சொன்ன தூதுவன். தூதுவனை மாற்றினால் செய்தி மாறுமா?

காற்று எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். பல கார்களில், எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு மானி அளக்கிறது. அந்த மானிக்கு அப்பால் ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ, கேஸ்கெட் தளர்ந்திருந்தாலோ, கணக்கில் வராத காற்று உள்ளே புகும். எஞ்சின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்த ரப்பர் இறுகி வெடிப்பது சாதாரணம். சில வெள்ளிக் குழாய்க்காகப் பல நூறு வெள்ளிச் சென்சரை மாற்றிய கதைகள் நிறைய உண்டு.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கார் நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது டிரிம் எண்ணைப் பார்க்க வேண்டும். பிறகு நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு உயர்த்திப் பார்க்க வேண்டும். 20ஆக இருந்த எண் 5க்கு இறங்கினால், பெரும்பாலும் காற்றுக் கசிவுதான். ஒரு கிண்ணத் தேநீரில் விழும் ஒரு கரண்டித் தண்ணீர் தெரியும், ஒரு வாளியில் விழுந்தால் தெரியாது அல்லவா? அதுபோலத்தான். மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து, மேடேறும்போது எண் உயர்ந்தால், பெட்ரோல் பம்பு, ஃபில்டர், அழுக்கேறிய காற்று மானி ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். எண்ணெய் தடவிய ஸ்போர்ட்ஸ் ஃபில்டர் பொருத்தியவர்கள் முதலில் மானியைப் பார்ப்பது நல்லது.

கசிவைத் தேடச் சிலர் சூடான எஞ்சின்மீது தீப்பற்றும் ஸ்ப்ரேயை அடிக்கிறார்கள். இது ஆபத்தான பழக்கம். குழாய்களுக்குள் புகையைச் செலுத்தி, எங்கே வெளியேறுகிறது என்று பார்க்கும் கருவி பட்டறைகளுக்காகவே இருக்கிறது.

சென்சரே கெட்டிருக்காதா? கெடலாம். கலவையில் வேண்டுமென்றே எரிபொருளைக் கூட்டினால், வழக்கமான வகைச் சென்சர் உடனே 0.8, 0.9 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். ஏறினால் அதற்கு நோயில்லை.

பேட்டரி வயரைக் கழற்றி விளக்கை அணைப்பது இன்னொரு வழக்கம். குறியீடு பதிவானபோது எஞ்சின் சூடு, வேகம், டிரிம் எவ்வளவு என்று கணினி சேமித்து வைத்திருந்த தகவலும் அதோடு அழிந்துபோகும். ஆகவே எதையும் அழிக்கும் முன் அதை எழுதித் தரும்படி பட்டறைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

விளக்கு எரியாமல் மின்னினால் அது வேறு கதை. எஞ்சினில் தீப்பொறி தப்புகிறது, எரியாத பெட்ரோல் புகைக்குழாயின் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கும். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

பழுது பார்த்துக் குறியீட்டை அழித்ததும் டிரிம் சுழியத்திலிருந்து தொடங்கும் என்பதால், அன்றே பார்த்துப் பயனில்லை. சில நாட்கள் ஓட்டிய பிறகு ஸ்கேனரைப் பொருத்தச் சொல்லுங்கள். எண் மூன்று, நான்கில் நின்றால் வேலை முடிந்தது. மறுபடியும் 18, 20 என்று ஏறியிருந்தால், விளக்கு இன்னும் எரியாவிட்டாலும், கசிவு அங்கேயேதான் இருக்கிறது.