ஒரே உறையில் இரண்டு கத்தி

சால்ட் லேக்கில் மாலை நடைக்கு வரும் நம்மவர்கள் சிலர் கொஞ்ச நாளாக என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "விண்டோஸ் 10-க்குக் கம்பெனி கைவிரித்துவிட்டதாமே, பழைய கம்ப்யூட்டரில் 11 ஏறாதாமே, பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டுக்கொண்டால் என்ன?" கைவிரித்தது உண்மைதான், வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. லினக்ஸ் இலவசம், பழைய இயந்திரத்திலும் ஓடும் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைப்பதும் புதுமை இல்லை. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் ஒன்றாகவே இருந்தன.

எனக்குத் தொழில் ரயில்வே, கம்ப்யூட்டர் அல்ல. ஆறு வருடமாக இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து மேய்த்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். சிரமம் எங்கே என்றால், இந்த வீடு முழுவதும் தனக்கே சொந்தம் என்று இரண்டுமே நினைக்கின்றன.

முதலில் கடிகாரம். கம்ப்யூட்டருக்குள் சிறிய பாட்டரியால் ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. 1984-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த 'ஏ.டி.' இயந்திர நாளிலிருந்து வந்த வழக்கப்படி, அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நம்புகிறது. லினக்ஸோ யூனிக்ஸ் பரம்பரை. அதில் இருப்பது உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, நமக்காக ஐந்தரை மணி கூட்டிக் காட்டுகிறது. ஆகவே லினக்ஸில் வேலையை முடித்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் காலை பத்தரை மணி விடியற்காலை ஐந்தாகத் தெரியும். இரண்டு ஃபைல்களில் எது புதியது என்பதே குழம்பிவிடும்.

ரயில்வேக்காரனுக்கு இது கேட்ட கதைதான். ஒரு காலத்தில் நம் ரயில்கள் மெட்ராஸ் நேரப்படி ஓடின. கல்கத்தா நகரம் தன் சொந்த நேரப்படி நடந்தது. வித்தியாசம் அரை மணிக்குச் சற்று மேல். 1906 ஜனவரி 1-ல் இந்தியப் பொது நேரம் வந்த பிறகும் இந்த ஊர் விட்டுக்கொடுக்கவில்லை. 1948 வரை சுமார் 24 நிமிடம் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. வண்டியைத் தவறவிட்டவர்கள் எந்தக் கடிகாரத்தைத் திட்டினார்களோ! நல்லவேளை, கம்ப்யூட்டரில் லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் அதுவும் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிடும்.

அடுத்தது வாசல். கம்ப்யூட்டரைப் போட்டதும் எந்தப் பக்கம் போவது என்று கேட்பது 'கிரப்' என்ற சிறு புரோகிராம். அதை பாயிண்ட்ஸ்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை உள்ள பழைய கிரப் மூலம் விஷமிகள் நுழையாதிருக்க, 2024 ஆகஸ்ட் 13-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் அனுப்பியது. இரண்டு இயங்குதளம் உள்ள கம்ப்யூட்டர்களை அது தொடாது என்றும் சொன்னது. தொட்டுவிட்டது. பல நாடுகளில் லினக்ஸ் பக்கம் போக முயன்றவர்களுக்கு, ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது என்ற ஒரு வரி மட்டும் திரையில் வந்து இயந்திரம் அணைந்தது. ஆரம்ப அமைப்புக்குள் போய் 'செக்யூர் பூட்' என்பதை நிறுத்தி, லினக்ஸில் நுழைந்து அந்தத் தடையை நீக்கி, மறுபடி 'செக்யூர் பூட்'டை இயக்கிப் பலர் தப்பித்தார்கள். முழுத் தீர்வு வந்தது 2025 மே மாதம்தான்.

இவையெல்லாம் எரிச்சலோடு போகிற விஷயங்கள். எனக்கு வலித்தது வேறு.

ஒற்றைப் பாதையில் ரயில் ஓட்டும் முறை சிலருக்குத் தெரிந்திருக்கும். டோக்கன் கையில் இருக்கும் டிரைவர்தான் அந்தப் பகுதிக்குள் நுழையலாம். அவர் அடுத்த ஸ்டேஷனில் அதை ஒப்படைக்கும்வரை இன்னொரு வண்டிக்கு வழி கிடையாது. ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். விண்டோஸை 'ஹைபர்நேட்' செய்தால், திறந்து வைத்த வேலைகளையெல்லாம் ஒரு ஃபைலில் கட்டி வைத்துவிட்டு, டோக்கனை மடியில் வைத்துக்கொண்டே அது தூங்குகிறது. விண்டோஸ் 8 முதல் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப்' இருந்தால் சாதாரண 'ஷட் டவுன்' கூட அரைத் தூக்கம்தான். அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியைப் படிக்கலாம், எழுத முடியாது. மீறி எழுத வேண்டுமானால் அந்தத் தூக்க ஃபைலையே அழிக்க ஒரு வழி உண்டு.

நான் அழித்தேன். ஒரு கணக்கு ஃபைலை அங்கே வைக்க அவசரம். எச்சரிக்கையைப் படித்தும் மதிக்கவில்லை. டோக்கன் இல்லாமல் வண்டி விட்டிருந்தால் என்னை சஸ்பெண்ட் செய்திருப்பார்கள்.

மறுநாள் காலை மனைவி கேட்டாள்: "என்னங்க, நேத்து ராத்திரி அடிச்சு வச்சது எங்கே?" மாயவரத்தில் இருக்கும் என் மாமியாருக்கு வயது 86. அவர் ஃபோனில் சொல்லச் சொல்ல, ஐந்து தலைமுறைப் பெயர்களை, யார் யாருக்குப் பிறந்தார், யார் எந்த ஊருக்குப் போனார் என்று நோட்பேடில் மூன்று மணி நேரம் அடித்திருக்கிறாள். சேமிக்கவில்லை. அப்படியே ஹைபர்நேட் செய்துவிட்டுப் படுத்துவிட்டாள். அன்று மாலையே மறுபடி ஃபோன் போட்டோம். முதல் மூன்று தலைமுறை தடங்கலில்லாமல் வந்தது. அதற்கு மேல் முந்தின நாள் சொன்ன பெயர்களில் பாதி மாமியாருக்கு நினைவு வரவில்லை.

இப்போது என் கம்ப்யூட்டரில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப்பும் இல்லை, ஹைபர்நேட்டும் இல்லை. லினக்ஸுக்குத் தனி டிஸ்க் வாங்கிப் போட்டுவிட்டேன். போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அப்படியே தொடங்குங்கள். டிஸ்க்கை வெட்டிப் பிரிக்கும் முன், இருப்பதையெல்லாம் வெளியே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். புதிய லேப்டாப் என்றால் 'பிட்லாக்கர்' பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்ப அமைப்பை மாற்றினால் அது 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அது இல்லையென்றால் உள்ளே இருப்பது திரும்பி வராது. முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வையுங்கள்.

மனைவி பெயர்களை இப்போது நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறாள். நான்காம் தலைமுறையில் இரண்டு கட்டங்கள் காலியாக இருக்கின்றன.