மகாவலி சிவப்பதேன்?

மாரிகாலத்திலே பேராதனைப் பாலத்தின் மேல் நின்று மகாவலி கங்கையை நோக்கியவர்கள் அதன் செந்நிறத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். புது வெள்ளம் வந்துவிட்டதென்று நாம் மகிழ்கிறோம். ஆனால் அது நீரின் நிறமன்று; மலைநாட்டு மண்ணின் நிறமாகும்.

இலங்கை ஆறுகளுள் மிக நீண்டது மகாவலி. மத்திய மலைகளிலே தோன்றி, 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கலக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதன் தலைப்பகுதியில் அடர்ந்த காடுகள் பரந்திருந்தன. 1830ஆம் ஆண்டுகள் முதல் அவை கோப்பிக்காக வேகமாக அழிக்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியது. ஆயினும் காடு மீளவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்திலே பயிரிடத் தொடங்கிய தேயிலை, கோப்பி நிலங்களிலும் பரவிற்று. அம்மலைகளைப் பசுமையாக்கிய உழைப்பு பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளருடையது.

காட்டிலே மழையின் வேகத்தை இலைகள் தணிக்கின்றன. சருகு அதனை ஏந்துகிறது. மண் உறிஞ்சிக்கொண்டு, பின்னர் ஊற்றாகச் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. நன்கு பேணப்பட்ட தேயிலையும் நிலத்தை மூடிக் காக்கும். செடிகள் பட்டு வெறுமையான பழந்தோட்டங்களும், செங்குத்துச் சரிவுகளிற் பயிராகும் புகையிலை, உருளைக்கிழங்கு, கரட் முதலியனவுமே மண்ணை மிகுதியாக இழக்கின்றன.

அம்மண் எங்கே செல்கிறது? கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்கள் 1985இல் இயங்கத் தொடங்கின. ரந்தெனிகலவும் ரன்தம்பேயும் பின்னர் எழுந்தன. உமா ஓயா சுமந்துவரும் வண்டல் ரன்தம்பேயிற் பெருமளவு படிந்துள்ளது. வண்டல் கொண்ட இடம் நீர் இழந்த இடமன்றோ? அந்நீரை நம்பியிருப்பவை நம் வீட்டு விளக்கும், கீழ்நாட்டு நெல்வயலுமாகும்.

சரிவிலே மரக்கறி பயிரிடுபவனுக்கு அதுவே பிழைப்பு. அவனைக் குறைகூறிப் பயனில்லை. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டவும், கல்லணை கட்டவும், ஓடைக் கரைகளில் மரம் வளர்க்கவும் அவனுக்குத் துணைபுரிவதே வழி. மண் பாதுகாப்புச் சட்டம் 1951 முதல் நம்மிடம் உண்டு. சட்டம் மட்டும் கான் வெட்டாது.

மாணவர்களே, அடுத்த மாரியிலே பெரியோர் துணையுடன் ஒரு போத்தல் ஆற்றுநீர் எடுத்து, ஒரு நாள் அசையாது வைத்துப் பாருங்கள். அடியிற் படிவது எங்கோ ஒரு மலைத்தோட்டத்தின் மேல்மண்.