என்-அசிட்டைல் சிஸ்டைன்: யாருக்கு, எதற்கு, எவ்வளவு?

என்-அசிட்டைல் சிஸ்டைன், சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தோடு ஓர் அசிட்டைல் தொகுதியை இணைத்துத் தயாரிக்கப்படும் பொருள். மருத்துவர்கள் இதை என்.ஏ.சி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். மருந்துக் கடையில் இது சளியைக் கரைக்கும் மாத்திரை. தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும். மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இதுவே நஞ்சுமுறிவு மருந்து. இணையக் கடைகளிலோ ஈரலைக் காக்கும், முதுமையைத் தள்ளிப்போடும், சருமத்தைப் பொலிவாக்கும் 'ஆன்டி-ஆக்சிடென்ட்' சத்து மாத்திரை என்று விற்கப்படுகிறது. முதல் இரண்டு பயன்களுக்கும் பல பத்தாண்டு மருத்துவ அனுபவம் பின்னால் நிற்கிறது. மூன்றாவதற்கு அப்படிப்பட்ட பலம் இல்லை.

உடல் பிராணவாயுவைக் கொண்டு உணவை எரித்து ஆற்றல் பெறும்போது, எதனோடும் உடனே வினைபுரியத் துடிக்கும் சில துணைப்பொருள்கள் உண்டாகின்றன. அவை அளவு மீறினால் செல்லின் கொழுப்புச் சுவரையும் புரதங்களையும் மரபுப் பொருளையும் சிதைக்கும். இதைத் தடுக்க உடல் தானே தயாரித்து வைத்திருக்கும் முக்கியமான காவல்பொருள் குளூட்டாதயோன். குளூட்டாமிக் அமிலம், சிஸ்டைன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் கோத்து உருவான சிறு மூலக்கூறு இது. ஈரலில்தான் மிகுதியாக இருக்கிறது. சிஸ்டைனில் உள்ள கந்தக அணுதான் இதன் வேலையைச் செய்கிறது. மாத்திரை டப்பாவைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை அடிப்பதற்கும் அந்தக் கந்தகமே காரணம். அதனால் மட்டும் மாத்திரை கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

அந்த மூன்று அமினோ அமிலங்களில் எளிதில் தட்டுப்பாடாவது சிஸ்டைன். குளூட்டாதயோனையே விழுங்கினால் அதன் பெரும்பகுதி குடலிலேயே உடைந்துபோகிறது. என்.ஏ.சி. உடலுக்குள் சிஸ்டைனாக மாறி, செல்கள் தாமே குளூட்டாதயோன் செய்துகொள்ள மூலப்பொருளைத் தருகிறது. விளம்பரங்கள் இதுவரை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் செல்லுக்குள் குளூட்டாதயோன் போதிய அளவு சேர்ந்ததும், அதைத் தயாரிக்கும் நொதியின் வேகத்தை அதுவே குறைத்துவிடும். ஆகவே, குறைந்த இடத்தில் நிரப்புவதுதான் என்.ஏ.சி.யின் பலம். குறைவே இல்லாதவர் உடலில் மாத்திரையைக் கூட்டக் கூட்டக் காவலும் கூடிக்கொண்டே போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

அந்தக் குறைவு மிகத் தெளிவாகத் தெரிவது பாராசிட்டமால் அளவு மீறும்போது. காய்ச்சலுக்குச் சாப்பிடும் பாராசிட்டமாலின் பெரும்பகுதியை ஈரல் எளிதாக வெளியேற்றிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப்பொருளாக மாறும். அதைக் குளூட்டாதயோன் உடனே பிடித்து முடக்கிவிடும். அளவு மீறினால் கையிருப்புக் குளூட்டாதயோன் தீர்ந்து, மிஞ்சிய நச்சு ஈரல் செல்களைக் கொல்லத் தொடங்கும். 1970களில் எடின்பரோவில் லாரி பிரெஸ்காட்டும் அமெரிக்காவின் டென்வரில் பாரி ருமாக்கும் தத்தம் குழுவினருடன் செய்த ஆய்வுகள், என்.ஏ.சி. கொடுத்து இந்த அழிவைத் தடுக்கலாம் என்று காட்டின. பாராசிட்டமால் விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஏறக்குறைய முழுப் பாதுகாப்புக் கிடைக்கும். நேரம் கடக்கக் கடக்கப் பலன் குறையும். ஆனாலும் தாமதமாகக் கொடுத்தாலும் பயன் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இது நஞ்சுமுறிவு மருந்தாக இடம்பெற்றுள்ளது.

இதில் ஆபத்தான விஷயம், முதல் நாளில் வெறும் குமட்டல் மட்டுமே இருக்கலாம், அதுவும் இல்லாமல்கூட இருக்கலாம் என்பது. ஈரல் பாதிப்பு வெளியே தெரியும்போது ஓரிரு நாள்கள் கடந்திருக்கும். ஜலதோஷத்துக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என மூன்று பெயர்களில் வாங்கும் மாத்திரைகள் மூன்றிலும் பாராசிட்டமால் இருப்பது சாதாரணம். அறியாமலே அளவு மீறுவது இப்படித்தான். மீறியதாகச் சந்தேகம் வந்தால், வீட்டில் உள்ள என்.ஏ.சி. மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துக் காத்திருப்பது பெருந்தவறு. முறிவுக்குத் தேவைப்படுவது உடல் எடையில் கிலோவுக்கு 300 மி.கி. வரை, இருபது மணி நேரத்துக்கு மேலாக ரத்தக்குழாய் வழியே ஏற்றும் சிகிச்சை. ரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் கூடவே வேண்டும். 108 ஆம்புலன்ஸை அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போவதே வழி.

சளி மருந்தாக இது அமெரிக்காவில் 1963இல் அனுமதி பெற்றது. கெட்டிச் சளியின் புரத இழைகள் ஒன்றோடொன்று கந்தகப் பிணைப்பால் பின்னிக் கிடக்கின்றன, என்.ஏ.சி. அந்தப் பிணைப்பை அறுக்க, சளி நீர்த்து வெளியேறுகிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், தினம் இரு வேளை 600 மி.கி. ஓராண்டு கொடுத்துச் சீனாவில் நடந்து 2014இல் வெளியான பெரிய ஆய்வில், நோய் திடீரெனத் தீவிரமாவது குறைந்தது. அதே 2014இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், நுரையீரல் காரணம் தெரியாமல் தழும்பேறி இறுகும் நோய்க்கு இது கைகொடுக்கவில்லை. ஆஞ்சியோகிராம் சாய மருந்தால் சிறுநீரகம் கெடாமல் காக்கும் என்ற நம்பிக்கையை, பிரேசிலில் 2,308 பேரிடம் நடத்தி 2011இல் வெளியான சோதனை தகர்த்தது. முடியைப் பிய்க்கும் மனப்பழக்கம், சினைப்பை நீர்க்கட்டி போன்றவற்றில் சிறு ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. அந்த ஆய்வுகளை மட்டும் வைத்து எவரும் சொந்தமாகச் சிகிச்சை தொடங்கக் கூடாது.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதெல்லாம் நன்மை என்ற எண்ணமும் சரியல்ல. அதே வினைத்துடிப்புள்ள பொருள்களைக் கொண்டுதான் வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்கின்றன. தசைகள் உடற்பயிற்சிக்குப் பழகுவதும் அவை தரும் சமிக்ஞையால்தான். ஸ்வீடனில் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நுரையீரல் புற்றுள்ள எலிகளுக்கு என்.ஏ.சி. கொடுத்தபோது கட்டி வேகமாக வளர்ந்ததை 2014இலும், மெலனோமா என்ற தோல் புற்று கூடுதலாகப் பரவியதை 2015இலும் வெளியிட்டார்கள். எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் புற்றுநோய் உள்ளவர்களும் அதிலிருந்து மீண்டவர்களும் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

நிறத்தை வெளுப்பாக்கும் என்று சொல்லி, குளூட்டாதயோனோடு சேர்த்து இதை விற்பவர்களும் இருக்கிறார்கள். அழகு நிலையங்களில் குளூட்டாதயோனை ஊசியாகவே ஏற்றுவதும் நடக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த ஊசிக்கு எதிராக வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. கறுப்பு நோயல்ல, அதற்கு மருந்து தேடி ஈரலையும் சிறுநீரகத்தையும் பணயம் வைக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

பெரியவர்களுக்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதும் அளவு நாளொன்றுக்கு 600 முதல் 1,200 மி.கி. நுரைக்கும் மாத்திரையை அரைத் தம்ளர் தண்ணீரில் முழுதும் கரையவிட்டு உடனே குடிக்க வேண்டும். குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு ஆகியவை காணப்படும் பக்க விளைவுகள். சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் வயிற்றுத் தொல்லை குறையலாம். நுரைப்பதற்காகச் சேர்க்கும் உப்புகளில் சோடியம் கணிசமாக இருக்கும் என்பதை உயர் ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

சிலருக்கு இது சாதாரண மாத்திரையே அல்ல. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் இறுகலாம். ஆவியாக உள்ளிழுக்கும்போதும் ஊசியாக ஏற்றும்போதும் இந்த அபாயம் அதிகம். நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் எடுப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து கடும் தலைவலி வரலாம். வலிப்புக்கான கார்பமாசெபினின் அளவு ரத்தத்தில் குறைந்துபோகலாம். சில ஆன்டிபயாடிக்குகளோடு இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இருமலை அடக்கும் மருந்தோடு சேர்த்தால், நீர்த்த சளி வெளியேற வழியின்றி நெஞ்சிலேயே தேங்கும். வயிற்றுப்புண், சிஸ்டின் கற்கள் உண்டாக்கும் பரம்பரைச் சிறுநீரக நோய், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, நெருங்கிவரும் அறுவை சிகிச்சை, கர்ப்பம், தாய்ப்பால் ஊட்டும் காலம் ஆகிய எல்லாவற்றையும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சளி மருந்தாக இதைக் கொடுக்கக் கூடாது.

இது மருந்தா, துணை உணவா என்பதில் அரசுகளே தடுமாறியிருக்கின்றன. போதை தெளிய என்று விற்ற நிறுவனங்களுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பின்னர் 2022இல், துணை உணவாக விற்பதைத் தற்காலிகமாகக் கண்டுகொள்ளப்போவதில்லை என்று அறிவித்தது. வாங்குபவர் உற்பத்தியாளர் பெயர், உரிம எண், ஒரு மாத்திரையில் எத்தனை மி.கி., காலாவதி நாள் ஆகியவற்றைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஒரே டப்பாவில் பத்துப் பொருள்களைக் கலந்து ஒவ்வொன்றின் அளவையும் மறைக்கும் தயாரிப்புகளைத் தவிர்ப்பதே நல்லது.

நலமாக உள்ள ஒருவருக்குத் தேவையான சிஸ்டைன் முட்டை, கோழி, மீன், பால், பருப்பு வகைகளிலிருந்தே கிடைக்கிறது. மெத்தியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலத்திலிருந்து உடலே அதைத் தயாரித்தும் கொள்கிறது. நாள்பட்ட சளித் தொல்லைக்கோ வேறு நோய்க்கோ இந்த மாத்திரையைத் தொடங்க நினைப்பவர்கள், ஏற்கெனவே எடுத்துவரும் மருந்துகளின் அட்டைகள் அனைத்தையும் கையில் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.