ஜன்னல் இருக்கை இருந்தும் இமயமலை தெரியவில்லையா? விமானத்தில் பக்கம் பார்த்து அமர்வது எப்படி?

புதுதில்லி: தில்லியிலிருந்து மேற்கு வங்கத்தின் பாக்டோக்ராவுக்குச் செல்லும் விமானத்தில் ஜன்னல் இருக்கை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு இமயமலை தென்படுவதில்லை. அவர்கள் அமர்ந்திருப்பது வலப்புறம். மலைத்தொடர் இருப்பதோ இடப்புறம். இருக்கைக்கெனக் கூடுதல் கட்டணம் செலுத்தியவர்களும் இதில் அடக்கம்.

சுமார் 2 மணி நேரம் நீடிக்கும் இப்பயணத்தில் விமானம் உத்தரப் பிரதேசம், பிகார் சமவெளிகளின் மேலாகக் கிழக்கு நோக்கிப் பறக்கிறது. எனவே வடக்கே உள்ள நேபாளத்தின் பனிச் சிகரங்கள் இடப்புறத்திலேயே வரும். வானம் தெளிவாக இருந்தால் முதலில் தௌலகிரி, அன்னபூர்ணா ஆகியவற்றையும், பயணத்தின் பின்பாதியில் 8,849 மீட்டர் உயர எவரெஸ்டையும், இறங்கும் வேளையில் 8,586 மீட்டர் உயர கஞ்சன்ஜங்காவையும் காணலாம். தில்லி - குவாஹாட்டி விமானங்களுக்கும் இது பொருந்தும்.

திரும்பும் பயணத்தில் நிலை தலைகீழாகிறது. போகும்போது பிடித்த அதே இருக்கையையே வரும்போதும் பதிவு செய்வதுதான் பலரும் செய்யும் தவறு. வரிசைக்கு 6 இருக்கைகள் கொண்ட விமானங்களில் 'ஏ' என்பது இடப்புற ஜன்னல், 'எஃப்' என்பது வலப்புற ஜன்னல். போகும்போது 'ஏ' என்றால் வரும்போது 'எஃப்'.

மலை இருக்கும் திசையைப் போலவே சூரியன் இருக்கும் திசையும் முக்கியம். தில்லியிலிருந்து லே செல்லும்போது இருபுறமும் மலைகள்தாம். ஆனால், கடல் மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்தில் உள்ள லே விமான நிலையத்தில் பிற்பகலில் காற்று பலமாக வீசுவதால் பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே இயக்கப்படுகின்றன. வடக்கு நோக்கிப் பறக்கும் விமானத்தின் வலப்புற ஜன்னலில் காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். இடப்புறம் அமர்ந்தால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். ஒளிபட்டு மின்னும் நுன், குன் இரட்டைச் சிகரங்களை அப்பக்கத்தில் காணலாம். ஸ்ரீநகர் செல்வோருக்கு வலப்புறமே ஏற்றது.

பக்கம் சரியாக அமைந்தாலும் இறக்கையை ஒட்டிய வரிசைகளில் கீழ்க்காட்சி மறைந்துவிடும். இறக்கைக்குப் பின்னால் என்ஜினின் வெப்பக் காற்று காட்சியைக் கலங்கலாக்கும் என்பதால் முன்வரிசைகளே மேல். போயிங் 737 ரக விமானங்களின் சில வரிசைகளில் 'ஜன்னல் இருக்கை' எனப்படும் இடத்தில் ஜன்னலே இருக்காது. குளிர்சாதனக் குழாய் செல்லும் வெறும் சுவர்தான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகமூட்டம் மலையை மறைத்துவிடுவதுண்டு. பருவமழை ஓய்ந்த அக்டோபர், நவம்பர் மாதங்களே இப்பயணத்துக்கு உகந்தவை.

பாக்டோக்ரா, லே, ஸ்ரீநகர் மூன்றும் விமானப்படைத் தளங்கள். அங்கு விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் படம் எடுக்கக் கூடாது. ஜன்னல் மறைப்பை மூடுமாறு பணியாளர்கள் கூறினால் மூடிவிட வேண்டும், கஞ்சன்ஜங்கா கண்ணெதிரே நின்றாலும்.